மேடைச் சாம்பார்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் எங்கள் வீடு எளிமையாகிறது. இது என் முடிவு இல்லை. இந்த வீட்டில் என் முடிவு என்று எடுக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது. அதுவும் ஆணி இறங்காததால் மாற்றப்பட்டது.

காலையில் காபியை வைத்துவிட்டு தமயந்தி சொன்னாள், "என்னங்க, வீட்டச் சுருக்கப் போறேன்."

"இன்னும் எவ்வளவு சுருக்குவ? இருக்கறதே ரெண்டு பெட்ரூம். ஒண்ணுல நான் இருக்கேன், இன்னொண்ணுல என் சால்வையெல்லாம் இருக்கு."

சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு என் மனைவி சிரித்துப் பல வருடம் ஆகிறது. அல்வாக் கடைக்காரர் வீட்டில் யார் அல்வா கேட்பார்கள் என்று நானே என்னைத் தேற்றிக்கொள்வேன்.

மதியத்துக்குள் பரண் காலி. கல்யாணச் சீராக வந்த அண்டா, இட்லிக் கொப்பரை, இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத உருளி, எல்லாம் கோயில் அன்னதானக் கூடத்துக்குப் போய்விட்டன. பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு இருப்பது நாங்கள் இருவர்தான். தட்டும் இரண்டு போதுமாம். ஒரு தூக்குவாளி மட்டும் தப்பித்தது. மூடி போட்ட பெரிய எவர்சில்வர் வாளி, வயிற்றில் 'தமயந்தி' என்று பெயர் வெட்டியது. அவள் அம்மா கொடுத்தது. அதைத் துடைத்துத் திரும்பப் பரணில் வைத்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

மாதாந்திர நகைச்சுவை மன்றம். நான்தான் 'சிரிப்புச் சிற்பி' குருநாதன். பட்டம் மக்கள் கொடுத்ததில்லை. நோட்டீஸில் பெயருக்கு முன்னால் இடம் காலியாகக் கிடக்கிறதே என்று செயலாளர் சபாபதி போட்டது. வாரநாளில் அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன், ஞாயிற்றுக்கிழமை சிற்பி.

இன்றும் சாம்பார்தான் தூக்கிக் கொடுத்தது. "அமாவாசைக்கு என் வீட்டுக்காரி சாம்பார் சாதம் வெச்சாங்க. காக்கா வந்துச்சு, பாத்துச்சு. எதிர் பிளாட்டுக்குப் போய், 'இன்னைக்கு உங்க வீட்டுல என்ன?'னு விசாரிச்சிட்டு அங்கேயே உக்காந்துருச்சு!" முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த நாட்குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் சொல்கிறேன்: தமயந்தி சாம்பார் வைத்தால் லிஃப்ட் வரைக்கும் மணக்கும். ஆனால் நல்ல சாம்பாருக்கு எவன் கைதட்டுவான்? மேடைக்குத் தோதானது மோசமான சாம்பார்தான்.

பொங்கலன்று நடந்த கூத்து இன்றும் பேச்சில் வந்தது. எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கும் ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு வந்து கீழே பொதுவில் வைப்பார்கள். தமயந்தி அந்தத் தூக்குவாளி நிறையப் பரங்கிக்காயும் மொச்சையும் போட்டுச் சாம்பார் வைத்து எடுத்துப்போனாள். மூடியைத் திறந்ததும் ஒரே ஆரவாரம். "ஐயய்யோ, சார் சொன்ன சாம்பாரா!" "அக்கா, எனக்குப் புள்ளகுட்டி இருக்குக்கா, விட்ருங்க!" எதிர் வீட்டு பிலோமினா டீச்சர் தட்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தமயந்தியும் சிரித்தாள், நானே பார்த்தேன். வாளி போனது போலவே திரும்பி வந்தது. அன்று லிஃப்ட் ஓடாததால் நான்காம் மாடிக்குப் படியேறித் தூக்கி வந்ததில் எனக்கு இரண்டு நாள் தோள்வலி.

அடுத்த மாதம் மன்றத்தில் அதையே முதல் ஜோக்காக வைத்தேன். இந்த ஆண்டின் மிகப் பெரிய சிரிப்பு. அன்று தமயந்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு மன்றத்துக்கு வருவதில்லை. முழங்கால் வலி என்கிறாள்.

ஜூன் 14, சனி

எனக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறது. காலையில் வாஷிங் மெஷின், மாலையில் பருப்பு.

"இது துவரம்பருப்பு. இது கடலப்பருப்பு. பாத்துக்குங்க."

"ரெண்டும் மஞ்சளாத்தானே இருக்கு?"

"நீங்களும் உங்க தம்பியும்கூட ஒரே மாதிரிதான் இருக்கீங்க. நான் மாத்திக் கட்டிக்கிட்டனா?"

இதை நான் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

சமையலறையும் சுருங்கிவிட்டது. ஏகப்பட்ட டப்பாக்கள் இருந்த இடத்தில் இப்போது ஒற்றை வரிசை: அரிசி, பருப்பு, புளி, உப்பு, பொடி, டீத்தூள். ஒரு குக்கர், ஒரு வாணலி. எல்லாவற்றையும் மேல்தட்டில் அடுக்கியிருக்கிறாள். எனக்குக் கையை நீட்டினால் எட்டுகிறது. அவள் குள்ளம், ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். எளிமை என்று சொல்லிவிட்டு இதென்ன கூத்து என்று கேட்டேன்.

"பழகட்டும்" என்றாள். யார் என்று சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் இனி என் நம்பரில் பதிவு. பால்காரரும் என்னைத்தான் அழைக்கிறார். நான் இவ்வளவு முக்கியமானவனாக இருந்ததே இல்லை.

ஜூன் 19, வியாழன்

லிஃப்டில் பிலோமினா டீச்சர் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியாத விஷயம் இந்தக் கட்டிடத்தில் கிடையாது. தெரியாவிட்டால் நடக்க விடமாட்டார்.

"சார், அக்கா பாத்திரமெல்லாம் குடுத்துட்டாங்களாமே? புடவைகூட ஒதுக்குறாங்களாமே? தப்பா நெனைக்காதீங்க. எங்க நாத்தனாரும் இப்படித்தான் ஒவ்வொண்ணா ஒழுங்கு பண்ணி வெச்சாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, வயித்துல கட்டி. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல."

நான்காம் மாடி வந்தும் எனக்கு இறங்கத் தோன்றவில்லை. லிஃப்ட் என்னைத் திரும்பக் கீழே கொண்டுபோய் விட்டது. வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால் நின்று மகள் நித்திலாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மாவுக்கு என்னம்மா? மறைக்காம சொல்லு."

"ஒண்ணுமில்லப்பா. போன மாசம் இங்க வந்தப்ப எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். சுகர்கூட இல்ல."

"அப்புறம் எதுக்கு எனக்கு வெண்டைக்கா நறுக்கச் சொல்லித் தர்றா?"

என் மகள் வாயாடி. என் ரத்தம். இன்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்டயே கேளுங்கப்பா."

கேட்கவில்லை. டெஸ்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாளே, எனக்கு அது போதும். அல்வா வாங்கி வந்து மாடி மாடியாகக் கொடுத்தேன்.

"என்ன சார் விசேஷம்?"

"என் வீட்டுக்காரிக்கு சுகர் இல்லையாம். அந்த சந்தோஷத்துல உங்களுக்கெல்லாம் வர வெக்கலாம்னு."

நல்ல சிரிப்பு. நான்காம் மாடியில் எங்கள் வீட்டுக்குக் கொடுக்கத்தான் அல்வா மிஞ்சவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தமயந்தி பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே சொன்னாள்.

"ஓசூர்ல நித்திலா ஆபீஸ் பக்கத்துல வேலைக்குப் போற பொண்ணுங்க ஹாஸ்டல் ஒண்ணு இருக்குங்க. மெஸ்ஸப் பாத்துக்க ஆள் தேடிக்கிட்டு இருந்தாங்க. போன மாசம் போனப்ப ஒரு வேளை சமைச்சுக் காட்டினேன். வரச் சொல்லிட்டாங்க. தங்க ரூமும் குடுக்கறாங்க. ஜூலைல சேரணும்."

"என்ன சமைச்ச?"

"சாம்பார்."

சிரித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. அந்த வார்த்தை வந்தால் எனக்குச் சிரிப்பு தானாக வரும், பழக்கம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் புள்ளைங்க ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்ட்டாங்க. யாரும் சிரிக்கல."

"சரி, எவ்வளவு நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்லங்க. போறேன்."

"கோவமா தமயந்தி?"

"கோவம் இருந்தா தட்டு ஒடஞ்சிருக்கும். இருக்கறதே ரெண்டு தட்டு."

பேப்பரை மடித்தேன். திரும்பப் பிரித்தேன். அவள் கிள்ளிக்கொண்டே பேசினாள், ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது போல.

"உங்க மேடைல ஒரு பொம்பள இருக்கா. கரண்டியால அடிக்கறவ. தீபாவளிக்கு மூணு புடவ கேக்கறவ. சாம்பார் வெக்கத் தெரியாதவ. மார்க்கெட்டுக்குப் போனா எல்லாரும் அவகூடத்தான் பேசறாங்க. 'என்னம்மா, இன்னைக்கு சாருக்குப் பூரிக்கட்டையா கரண்டியா?'ங்கறாங்க. நான் கூடையோட பக்கத்துல நிக்கறேன். எனக்கு அவள யாருன்னே தெரியாது. அவளும் நானும் ஒரே வீட்டுல இருக்க எடம் பத்தலங்க. அவ இருந்துக்கட்டும், நான் போறேன்."

"எல்லாம் வெளையாட்டுக்குச் சொல்றதுதானேம்மா."

"தெரியும்."

'அவ இருந்துக்கட்டும், நான் போறேன்.' அருமையான வரி. இடைவெளி விட்டுச் சொன்னால் அரங்கம் அதிரும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். நான் குறித்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

பீன்ஸ் பொரியல் நன்றாக இருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் கை கழுவ எழுந்துவிட்டாள்.

ஜூன் 28, சனி

மொட்டை மாடியில் மிளகாயும் மல்லியும் காய்ந்து, வறுபட்டு, மில்லுக்குப் போய்ப் பொடியாகத் திரும்பின. பெரிய பெரிய பாட்டிலாக நிரப்பி மேல்தட்டில் வைத்தாள். வீடு முழுக்கத் தும்மல்.

மாலையில் சாம்பார் வகுப்பு.

"புளித்தண்ணி நல்லாக் கொதிச்சு பச்ச வாசன போகட்டும். அதுக்கு முன்னாடி பருப்பக் கொட்டிராதீங்க. உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

"வாசன போயிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"பேசாம நின்னா தெரியும்."

பேசாமல் நின்றேன். அது எனக்கு எவ்வளவு சிரமம் என்று ஊருக்குத் தெரியும். அடுப்பின் சத்தம் மட்டும். அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். தலைமுடியில் மல்லிப்பொடி. அப்போது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஒரே வார்த்தைதான், போகாதே. வாயைத் திறந்தேன்.

"நீ போயிட்டா நான் மேடைல யாரத் திட்டறது?"

அதுதான் வந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். "இறக்கின ஒடனே மூடாதீங்க. ஆவி போகட்டும்" என்றாள்.

ஜூலை 2, புதன்

பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். வீட்டை இத்தனை சுருக்கியும் அவள் பங்குக்கு மிஞ்சியது ஒரே ஒரு பை.

"தூக்குவாளிய எடுத்துக்கலையா? உன் பேரு வெட்டினது."

"அங்க பெரிய பெரிய அண்டாவெல்லாம் இருக்குங்க. அது இங்கயே கெடக்கட்டும்."

பஸ் ஏறும் நேரம் பார்த்துக் கண்டக்டர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "சார், சிரிப்புச் சிற்பி சார்தானே! உங்க வீடியோ பாக்காம நான் டூட்டிக்கே வர்றதில்ல. அப்ப இவங்கதானா அது? யம்மா, சாருக்கு இன்னைக்கு அடி உண்டா?"

தமயந்தி அவருக்கு ஒரு புன்னகை கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். எனக்குப் பாராட்டைக் கண்டால் கை தானாகக் கும்பிடும். கண்டக்டரைக் கும்பிட்டேன். "நன்றிங்க, நன்றிங்க" என்றேன். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. பஸ் நகர்ந்துவிட்டது.

கையசைக்க வேண்டிய நேரத்தில் நான் கும்பிட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

ஜூலை 3, வியாழன்

வீடு மிகவும் எளிமையாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மன்றம். கேட்டவர்களிடமெல்லாம் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய்யில்லை. ஊர் அதே ஊர்தான்.

"நேத்து பாருங்க, என் வீட்டுக்காரி என்ன பண்ணா..." என்று ஆரம்பித்தேன். நேற்று வீட்டில் நானும் குக்கரும்தான் இருந்தோம். குக்கர் விசிலடித்தது, நான் எழுந்துபோனேன்; அதற்கு மேல் எந்தச் சம்பவமும் இல்லை. ஆனாலும் அவள் பேசினாள், கரண்டியைத் தூக்கினாள், புடவை கேட்டாள். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அவள் சொன்ன அந்த வரியும் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சோடா குடித்தேன்.

முடிந்ததும் சபாபதி தோளில் தட்டினார். "அண்ணே, அண்ணி மட்டும் இல்லைன்னா உங்களுக்கு ஜோக்கே கெடையாதுண்ணே."

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு இலை போட வேண்டும் என்று நானே சாம்பார் வைத்தேன். பேசாமல் நின்று பார்த்தேன். ஆனால் மனதுக்குள் பேச்சு ஓய்ந்தால்தானே. அவசரப்பட்டுப் பருப்பைக் கொட்டிவிட்டேன். பச்சைப் புளி வாசம். நான் இத்தனை வருடமாக மேடையில் வர்ணித்த அதே சாம்பார், அச்சு அசலாக, இன்றுதான் என் வீட்டில் முதல்முறையாக உருவானது.

மொட்டை மாடியில் காக்கைக்கு வைத்தேன். வந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பார்த்தது. பறந்து எதிர் பிளாட்டுக்குப் போயிற்று.

சத்தியமாகப் போயிற்று. சொல்வதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தமயந்தி போன் செய்தாள். குரல் நன்றாக இருக்கிறது. மெஸ்ஸில் பெண்கள் அவளை 'தமா ஆன்ட்டி' என்கிறார்களாம். ஒருத்திக்குப் பிறந்தநாள் என்று பாயசம் வைத்தாளாம். பின்னால் யாரோ, "ஆன்ட்டி, ரசம் இருக்கா?" என்று கத்தினார்கள், "இரு வர்றேன்டி" என்றாள். அந்த 'டி'யை அவள் வாயிலிருந்து நான் கேட்டுப் பல காலம் ஆகிறது.

"எல்லாம் எட்டுதா உங்களுக்கு?"

"எட்டுது."

வேறென்ன என்று இரண்டு பேரும் யோசித்தோம். ரசம் கேட்ட பெண் மறுபடி கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து கீழே ஆளுக்கொரு பதார்த்தம். நான் காலையிலேயே எழுந்து சாம்பார் வைத்தேன். பரங்கிக்காய், மொச்சை. புளி கொதிக்கிறவரை நின்றேன். இந்தத் தடவை மனதுக்குள்ளும் யாரும் பேசவில்லை. ஒரு கட்டத்தில் வாசனை மாறியது. அவள் சொன்னது சரி, தானாகத் தெரிகிறது. பருப்பைக் கொட்டி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, ஆவி போகவிட்டுத்தான் மூடினேன். பரணிலிருந்து தூக்குவாளியை இறக்கி நிரப்பினேன். லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர் ஏறியதுமே, "யார் வீட்டுல சார் சாம்பார்?" என்று மூக்கைத் தூக்கினார்.

"சாரே சமைச்சாராம்!" என்று கூட்டம் கூடிவிட்டது. இட்லி மேல் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார்கள். பிலோமினா டீச்சர் கிண்ணத்தோடு இரண்டாம் தடவை வந்தார்.

"சார், என்ன கைமணம்! இத வெச்சுக்கிட்டா இத்தன வருஷம் அக்கா சாம்பாரச் சாப்பிட்டீங்க?"

"டீச்சர், இது தமயந்தி சாம்பார்" என்றேன். "பொடி அவ அரைச்சது. பக்குவம் அவ சொல்லித் தந்தது. பொங்கலுக்கு நீங்கல்லாம் தொடாம விட்டீங்களே, அதே சாம்பார்."

ஒரே சிரிப்பு.

"நெசமாத்தான் சொல்றேன். அவ நல்லா வெப்பா. எப்பவுமே நல்லாத்தான் வெப்பா."

"சார் மூஞ்சியப் பாருங்களேன், சிரிக்காமயே சொல்றாரு!" என்று மூன்றாம் மாடிக்காரர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். வாளியைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரைக் காட்டினேன். "பாருங்க, அவ பேரு. அவ வாளி."

"ஆதாரத்தோட வந்திருக்காருய்யா மனுஷன்!"

"அவ இங்க இல்லீங்க. என்னைய விட்டுட்டுப் போயிட்டா."

அதற்குத்தான் உச்சம். பிலோமினா டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்றத்தில் எந்த மாதமும் எனக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு கிடைத்ததில்லை. கைதட்டினார்கள். என் கை கும்பிடப் போயிற்று. வாளியைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

மேலே வந்து வாளியை மேஜையில் வைத்து, அவளுக்குப் போன் போட்டேன். பின்னால் தட்டுகளின் சத்தம்.

"தமயந்தி, வாளி காலி."

எந்த வாளி என்று அவள் கேட்கவில்லை. தட்டுச் சத்தம் குறைந்தது. எங்கோ தள்ளி வந்து நின்றிருக்க வேண்டும்.

"எல்லாரும் சாப்ட்டாங்களா?"

"ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்ட்டாங்க."

"யாரு வெச்சதுன்னு சொன்னீங்க?"

"உன் சாம்பார்னுதான் சொன்னேன். சத்தியமா. பேரக்கூடக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

பேசாமல் நின்றேன்.

"சரி" என்றாள் கடைசியில். "வாளிய ஒடனே கழுவிருங்க. காஞ்சா போகாது."

கழுவினேன். உள்ளே சுலபமாகப் போய்விட்டது. வெளியே வழிந்த சாம்பார்தான், பெயர் வெட்டிய பள்ளங்களில் இறங்கிக் காய்ந்திருந்தது. தேங்காய் நாரை மடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தேய்க்க வேண்டியிருந்தது.

துடைத்து எடுத்து வைத்தேன். பரணிலும் இல்லை, மேல்தட்டிலும் இல்லை. கீழ்த்தட்டில், ஸ்டூல் இல்லாமல் அவளுக்கு எட்டுகிற இடத்தில்.